மூணு பட்டையா, தட்டையா?

எங்கள் பக்கத்து ஊருணிகளில் முளைக்கும் ஆற்றலரியை மாணவர்கள் காயவைத்து ஒட்டிக்கொண்டுவரும் ஹெர்பேரியம் தாள்களைப் பல வருஷமாகத் திருத்திவருகிறேன். இலைகளை மடிப்பில்லாமல் பரப்பி, ரோஸ் நிறக் கதிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்படி அழகாக ஒட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் அந்த அழகைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். ஒரு தாளின் லேபிளில் பெர்சிகேரியா கிளாப்ரா என்று இருக்கும். அடுத்த தாளிலும் அதே மாதிரி இலை, அதே மாதிரி கதிர்தான். பெயர் மட்டும் பெர்சிகேரியா பார்பேட்டா. இரண்டும் ஆற்றலரிதான், இனம் வேறு. எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்டால் "இலை கொஞ்சம் அகலமா இருந்துச்சு மேடம்" என்பார்கள். தண்ணீருக்குள் நிற்கும் தண்டில் ஒரு அகலம், அதே தண்டு கரையேறி வெயிலில் காய்ந்தால் வேறொரு அகலம். இலையை நம்பி இந்தக் குடும்பத்தில் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஆற்றலரி சேர்ந்த பாலிகோனேசி குடும்பத்துச் செடிக்குக் காயைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெயர் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. துறையில் இதை யாரிடம் சொன்னாலும், கணு உறை இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். சரி, அந்த உறை இந்தக் குடும்பத்தின் முத்திரைதான். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று குழாயாக நிற்கும். அந்தக் குழாயின் வாயில் நீளமான மயிர்கள் இருந்தால் பார்பேட்டா, மொட்டையாக இருந்தால் கிளாப்ரா. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதில் தவறும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் நிரம்பிய ஊருணி மாசியில் இறங்கும்போது போய்ப் பாருங்கள். கீழ்க்கணுக்களில் உறை கிழிந்து நார்நாராகத் தொங்கும். மயிர் இருந்ததா, இருந்து உதிர்ந்ததா என்று தெரியாது. மேலே இளங்கணுக்கள் இருக்கும் இடத்தை ஆடு மேய்ந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒரு முழத் தண்டும், அதன் நுனியில் நாலைந்து கதிர்களும்தான். அந்த நேரத்தில் செடியிடம் கேட்பதற்கு வேறு வழி வேண்டாமா?

இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தீர்ந்தது ஒரு நகைப் பட்டறையில்.

பத்தர் கடையில்

அன்றைக்குக் காலையில் செம்பூராங்கல் படி கட்டிய ஒரு பழைய ஊருணியில் இறங்கியிருந்தேன். கிளாப்ராவும் பார்பேட்டாவும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கரையோரம் படர்ந்து கிடந்தன. இரண்டிலும் முற்றிய கதிர்களாக உருவி உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, கீழே தங்கிய கறுப்பு மணிகளைக் காகிதத்தில் மடித்து ஒரு சின்னச் சம்படத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டும் கலந்துதான் கிடந்தன. வீட்டில் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. வழியில் காரைக்குடியில் தோட்டுத் திருகாணி ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு நகைகளை வழக்கமாகச் செய்யும் பத்தர், திருகாணியின் மரையைப் பார்க்கக் கண்ணில் லென்ஸை மாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. "அண்ணே, அப்படியே இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சாமணத்தால் ஒரு மணியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "டீச்சர், ரெண்டு சரக்கை ஒண்ணாக் கொட்டி வச்சிருக்கீங்களே! இது மூணு பட்டை. இது தட்டை, ரெண்டு பக்கமும் உப்பல். யாரு கலந்தது?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று தள்ளத் தொடங்கிவிட்டார். மூன்று பட்டை உள்ளவை சிறியவை, எல்லாமே இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். தட்டையானவை அதைவிடப் பெரியவை, ஏறக்குறைய வட்டம், மைசூர்ப் பருப்பைக் கறுப்பாகச் செய்து சுருக்கினால் வருகிற வடிவம். இரண்டுமே பளபளவென்று இருந்தன. "நல்ல மெருகு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அந்த மனிதர் ஆற்றலரியை ஒரு செடியாக நின்று பார்த்தது கிடையாது. அது தண்ணீரில் வளருமா, தரையில் வளருமா என்றுகூட அவருக்குத் தெரியாது. இலை, தண்டு, உறை, பூ எதுவும் முன்னால் இல்லை. வெறும் காயை வைத்து இரண்டு இனங்களையும் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூன்று பட்டையெல்லாம் பார்பேட்டா, தட்டையெல்லாம் கிளாப்ரா. தாவரவியல் படித்த நாங்கள் இலையின் அகலத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிற இடத்தில், பட்டை பார்த்தே பழகிய ஒரு கண்ணுக்கு இதில் குழப்பமே இல்லை. திருகாணிக்குக் கூலி வாங்கிக்கொண்டார். இதற்கு எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பொட்டலமாக மடித்துத்தான் கொடுத்தார்.

பூ என்று நினைத்தது

வீட்டுக்கு வந்ததும் பரணில் கட்டி வைத்திருந்த பழைய தாள்களை இறக்கினேன். செடியை அழுத்திக் காயவைக்கும் செய்தித்தாள் மடிப்புகளில் எப்போதும் ஏதாவது உதிர்ந்து கிடக்கும். அதைத் தட்டிவிட்டுத்தான் செடியை எடுத்து ஒட்டுவோம். இந்த முறை தட்டாமல் பார்த்தேன். மடிப்பின் ஓரத்தில் கறுப்பு மணிகள் கிடந்தன. தாளில் ஒட்டியிருந்த ரோஸ் கதிர்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தால், பாதிக்கு மேல் பூவே கிடையாது. இதழ்கள் மூடியிருக்க, உள்ளே முற்றிய காய். லேபிளில் மட்டும் 'பூக்கும் நிலை' என்று எழுதியிருந்தது.

இந்தக் குடும்பத்தில் புல்லி வேறு, அல்லி வேறு என்று கிடையாது. ஒரே மாதிரியான பூவிதழ்கள்தான். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் அவை உதிர்வதில்லை. மறுபடி மூடிக்கொண்டு, நிறமும் அவ்வளவாகக் குறையாமல், உள்ளே வளரும் காயைப் போர்த்தி வைத்திருக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கதிர் இன்னும் மொட்டும் பூவுமாகத் தெரியும். விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டு நசுங்கும், காய் நசுங்காது. அதுவரை காய்ப் பருவம் வரட்டும் என்று மாணவர்களைக் காத்திருக்கச் சொல்லும் எண்ணத்தில் இருந்தேன். அன்றிரவு அந்த எண்ணம் மாறிப்போனது. காத்திருக்க வேண்டியதில்லை, திறந்து பார்த்தால் போதும். கதிரின் நுனி பூத்துக்கொண்டிருக்கும்போதே அடிப்பக்கத்தில் காய் தயாராக இருக்கும்.

பட்டை எங்கிருந்து வருகிறது என்பதும் பூவிலேயே எழுதியிருக்கிறது. சூலகத்தின் மேல் இரண்டு சூல்முடி இருந்தால் காய் தட்டை, மூன்று இருந்தால் மூன்று பட்டை. விதை ஒன்றுதான். காய் வெடிக்காது, சதைப்பற்றும் கிடையாது. தாவரவியலில் இதற்கு அக்கீன் என்று பெயர். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு காயை எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஐரோப்பாவில் சாதாரணமாக முளைக்கும் பெர்சிகேரியா மேக்குலோசாவில் இரண்டு வகைக் காய்களும் ஒரே செடியில் கலந்து வரும். கிளாப்ராவிலும் எப்போதாவது ஒரு மூன்று பட்டைக் காய் தலைகாட்டும். ஆகவே கை நிறைய எடுத்து, பெரும்பான்மை எது என்று பார்க்க வேண்டும். முற்றாத காயையும் நம்பக் கூடாது. அது சுருங்கி, பழுப்பாக, எந்தப் பட்டையும் சொல்லாமல் இருக்கும்.

வடிவத்துக்கு அடுத்தது மெருகு. பத்தர் சும்மா சொன்ன வார்த்தை, ஆனால் பெர்சிகேரியா என்ற இந்தப் பேரினத்தில் அது பெரிய அடையாளம். வாயில் வைத்தால் மிளகாய்க் காரம் அடிக்கும் ஹைட்ரோபைப்பர் என்ற இனத்தின் காயில் மெருகே இருக்காது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் நுண்ணிய புள்ளிக்குழிகள் தெரியும். அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்ற சில இனங்களின் காய் வழவழவென்று மின்னும்.

முகப்பில் கொடிரோஸ், வளவில் சுக்கான்கீரை

ஊருணிக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இந்தக் குடும்பம் வீட்டிலேயே இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மதில் மேல் கொடிரோஸ் படர்ந்து கிடக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் கொடியும் பாலிகோனேசிதான். அதன் ரோஸ் இதழ்கள் ஐந்து. வெளியே மூன்று அகலமானவை, உள்ளே இரண்டு குறுகியவை. பூ முடிந்த பிறகு வெளி இதழ்கள் மூன்றும் பெரிதாகிக் காகிதமாக உலர்ந்து காயைச் சுற்றி நிற்கும். பழுப்பேறிய ஒன்றைப் பறித்துப் பிரியுங்கள். உள்ளே அடி பருத்து, நுனி கூம்பி, மேற்பாதியில் மூன்று விளிம்புகள் தெளிவாக ஓடும் காய் இருக்கும். லென்ஸ் வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். மதிலோரம் உதிர்ந்து கிடக்கும் அதைத் தினமும் பெருக்கித் தள்ளுகிறோம்.

சுக்கான்கீரை வேறு விதம். சந்தையில் கட்டாக வாங்கி, புளிப்புக்காகப் பருப்பில் போட்டுக் கடைகிறோம். இலையோடு நம் உறவு முடிந்துவிடுகிறது. ஒரு தொட்டியில் விதைத்து, கிள்ளாமல் விட்டுவைத்தேன். எங்கள் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வெயில் விழும் மூலையில் தொட்டி இருந்தது. தண்டு நீண்டு, பச்சையாக ஒன்றும் கவர்ச்சியில்லாத பூக்கள் வந்தன. பிறகு ஒவ்வொரு பூவிலும் உள்வட்டத்து இதழ்கள் மூன்றும் வளர ஆரம்பித்தன. விரல்நகம் அளவுக்கு விரிந்து, சவ்வாக மெலிந்து, இளஞ்சிவப்பு நரம்புகள் வலை பின்ன, செடி முழுக்கத் தொங்கின. பார்க்க வந்த அப்பத்தா "இது என்ன பூ ஆத்தா, கீரையிலயா பூத்திருக்கு?" என்று கையில் ஏந்திப் பார்த்தார். பூ முடிந்து காய்த்திருக்கிறது என்றேன். அந்த மூன்று சிறகையும் பிரித்தால் நடுவில் பழுப்பாக, மூன்று பட்டையோடு, சின்னஞ்சிறு காய் இருந்தது. கொடிரோஸில் வெளி இதழ்கள் செய்த வேலையை இங்கே உள் இதழ்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே குடும்பத்துக்குள் இப்படி ஆள் மாறி வேலை நடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிப்பதில்லை.

சுக்கான்கீரையின் பேரினம் ரூமெக்ஸ். இங்கிலாந்தில் டாக் என்று அழைக்கும் செடிகள் எல்லாம் இதில்தான் வரும். அங்கே காயைப் பார்க்காமல் டாக்குக்குப் பெயர் சொல்ல யாரும் துணிவதில்லை. பார்ப்பது உள்ளே இருக்கும் காயை அல்ல, அதை மூடியிருக்கும் அந்த மூன்று உள் இதழ்களை. விளிம்பு மழுங்கலாக இருக்கிறதா, பல் வெட்டியிருக்கிறதா? இதழின் முதுகில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு முண்டு இருக்கிறதா, எத்தனை இதழில் இருக்கிறது? ரூமெக்ஸ் கிரிஸ்பஸுக்கு விளிம்பில் பல் கிடையாது. ஒப்டுசிஃபோலியஸுக்குப் பல் உண்டு, முண்டு பெரும்பாலும் ஒரே இதழில். இரண்டும் கலந்து பிறந்த செடியில் பெரும்பாலான காய் பிடிக்காமல் பதராகிவிடும். அந்தப் பதரே கலப்பினத்துக்கு அடையாளமாகிவிடுகிறது. கோடையில் கொடைக்கானல் போகும்போது சாலையோர ஈரத்தில் நிற்கும் ரூமெக்ஸ் நேபாலென்சிஸைப் பாருங்கள். அதன் இதழ் விளிம்பில் உள்ள பற்களின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். சேலைக்கரையில் ஒட்டிக்கொண்டு நம்மோடு வண்டி ஏறிவிடும்.

மாவிலும் சேற்றிலும்

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) குடியிருப்பில் இருந்த ஒரு வடநாட்டுத் தோழி நவராத்திரி விரதத்துக்குக் குட்டு மாவில் பூரி சுடுவார். குட்டு என்பது பக்வீட். அரிசி கோதுமை மாதிரிப் புல் வகை இல்லை, இதே பாலிகோனேசிதான். அரைக்காத முழு மணியை ஒருநாள் கேட்டு வாங்கினேன். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், கூர்மையான மூன்று பட்டை, அடியில் வாடிய இதழ்களின் மிச்சம். பார்பேட்டாவின் காயில் லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய எல்லாம் இதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. வகுப்பில் முதலில் இதைத்தான் கையில் கொடுக்கிறேன். அப்புறம்தான் ஊருணிக்குக் கூட்டிப்போவது.

இந்தக் காய்களின் ஓடு சாமானியத்தில் அழியாது. 1950-இல் டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய மனித உடல் ஒன்று கெடாமல் கிடைத்தது. டொல்லுண்ட் மனிதன் என்று சொல்வார்கள். அவர் கடைசியாகச் சாப்பிட்டது குடலில் அப்படியே இருந்தது. வாற்கோதுமை, ஆளி விதை, அவற்றோடு பெர்சிகேரியா லாபதிஃபோலியாவின் காய்கள். இலையோ பூவோ எதுவும் இல்லாமல், ஒரு குடலுக்குள் கிடந்த காயை வைத்து இனத்தின் பெயரைச் சொல்ல முடிந்திருக்கிறது. அகழாய்வுக் குழியின் மண்ணைத் தண்ணீரில் அலசி, மிதக்கிற விதைகளை அரித்தெடுத்துப் படிப்பது இன்று உலகமெங்கும் உள்ள முறை. கீழடி இருப்பது எங்கள் மாவட்டத்தில்தான். அந்த வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலை அகலம் எதற்கு உதவும்?

ஓடு மட்டுமா, உயிரும் அப்படித்தான். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் களைச்செடி விதைகளை மணலோடு புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார். இத்தனை ஆண்டுக்கு ஒரு புட்டி என்று தோண்டி எடுத்து முளைக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு. ரூமெக்ஸ் கிரிஸ்பஸ் 80 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்துவிட்டு முளைத்தது.

ஊருணியைத் தூர்வாரும்போது பொக்லைன் வந்து ஆற்றலரியை வேரோடு வழித்து லாரியில் ஏற்றுகிறது. தூர்வாருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குடிக்கவும் புழங்கவும் வெட்டிய ஊருணி, தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கரையில் ஒரு பக்கமாவது விட்டுவைக்கலாம். காட்டு வாத்துகளுக்கு இந்தக் காய்கள் நல்ல தீனி. சில காய்கள் செரிக்காமல் வெளியேறி, வாத்து அடுத்து இறங்கும் கண்மாயில் முளைத்துவிடும். வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களின் பக்கத்தில் வாழ்கிறோம். ஒரு கரை ஆற்றலரியை விட்டுவைப்பது நமக்குப் பெரிய காரியமா?

இந்த வருஷம் வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆற்றலரித் தாள் எதுவானாலும் வலது ஓரத்தில் ஒரு சின்னக் காகிதப் பை ஒட்ட வேண்டும். உள்ளே அந்தச் செடியிலிருந்தே கசக்கி எடுத்த காய்கள், குறைந்தது இருபது. பையின் மேல் மூணு பட்டையா தட்டையா, மெருகு உண்டா இல்லையா என்று பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லேபிள். பை ஒட்டினால் தாளின் அழகு கெட்டுவிடும், தேர்வாளர் மார்க்கைக் குறைப்பார் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். குறைத்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.